தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கியில் இன்றைய தோட்டாவைப் போடலாமா?

கேள்வி: "1890களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. லைசன்ஸ் இப்போது என் பெயருக்கு மாறிவிட்டது. கடையில் கிடைக்கும் சாதாரண 12 போர் தோட்டாவை இதில் போட்டுச் சுடலாமா? எது பாதுகாப்பானது?"

"லைசன்ஸ் இப்போது என் பெயருக்கு மாறிவிட்டது" என்ற வரியைப் படித்த உடனேயே உங்கள் நிலைமை எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா அண்மையில் தவறியிருப்பார். வாரிசுச் சான்றிதழ், காவல் நிலைய விசாரணை, ஆட்சியர் அலுவலகம் என்று ஓர் ஆண்டாவது அலைந்திருப்பீர்கள். இப்போது துப்பாக்கி பீரோவில் இருக்கிறது. ஒரு பெட்டித் தோட்டா வாங்கிவிட்டீர்கள், அல்லது வாங்கப் போகிறீர்கள். பெட்டியின் மேலும் 12 போர் (குழலின் அகல அளவு), லைசன்ஸ் புத்தகத்திலும் 12 போர் என்று இருப்பதால், கேட்க என்ன இருக்கிறது என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லை நம்பியவன் நான் என்பதால்தான், இந்தத் தளத்தில் பெரும்பாலும் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் நான் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

நான் துப்பாக்கி பழுதுபார்ப்பவன் அல்லன். காப்பியும் மலை வாழையும் பயிரிடும் விவசாயி. வேட்டையை ஆதரித்தோ, வீட்டுக்கொரு துப்பாக்கி வேண்டும் என்றோ இதை எழுதவில்லை. அப்படிக் குறை சொல்ல வருகிறவர்கள், பயிர்ப் பாதுகாப்புக்காக முறையான உரிமம் பெற்ற பழைய துப்பாக்கிகள் மலையோரக் கிராமங்களில் இன்றும் இருக்கின்றன என்பதையும், அவற்றைத் தவறான தோட்டாவால் சுட்டால் முதலில் காயப்படுவது சுடுபவரின் இடது கைதான் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

சுருக்கமான பதில்: போடாதீர்கள். குழலை அளந்து, முத்திரைகளைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை எந்தத் தோட்டாவையும் போடாதீர்கள். தோட்டா உள்ளே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுகிறது என்பதை மட்டும் அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் துப்பாக்கி தாண்டிக்குடிப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் 1950களின் தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பியபோது என் தாத்தா அவரிடம் விலைக்கு வாங்கியது. பர்மிங்காமில் செய்த, குதிரைகள் (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்கள்) வெளியே தெரியும் பழைய வகை. தாத்தா அதில் ஈலி-கைனாக் நிறுவனத்தின் 'கிராண்ட் பிரி' தோட்டாக்களை மட்டுமே போட்டார். காகித உறையும் பித்தளை அடியும் கொண்ட அந்தத் தோட்டாக்களின் காலிக் கூடுகளை வைத்துத்தான் நாங்கள் சிறுவயதில் விளையாடினோம். அப்பா அதிகம் சுட்டதில்லை. அவர் 2004இல் காலமான பின், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு லைசன்ஸ் என் பெயருக்கு வந்தது.

2012ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காட்டுப்பன்றிகள் தொடர்ந்து நான்கைந்து இரவுகள் வாழைக்குள் இறங்கின. விரட்டுவதற்காக வானத்தை நோக்கி இரண்டு வெடி போதும் என்று எண்ணி, சமவெளியில் ஓர் ஊரின் ஆயுதக் கடைக்குப் போய், லைசன்ஸ் புத்தகத்தில் பதிந்து, ஒரு பெட்டி வாங்கினேன். பிளாஸ்டிக் உறை, வாய் நட்சத்திரம்போல் மடிக்கப்பட்டது. பெட்டியின் பக்கவாட்டில் 70 மி.மீ. என்று அச்சிட்டிருந்தது. அது என்ன அளவு என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், உள்ளே போகுதா பாருங்க, போனா சரி" என்பதே கிடைத்த பதில். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன், போயிற்று. அன்று இரவு முதல் வெடியில் தோளில் விழுந்த அடி, நான் அதுவரை அறிந்த எதையும் ஒத்ததாக இல்லை. இரண்டாவது வெடிக்குப் பிறகு துப்பாக்கியை மடித்துத் திறந்தபோது வலப்பக்கக் காலிக் கூடு வெளியே வரவில்லை. பேனாக்கத்தியின் முனையால் நெம்பி எடுத்தேன். கூட்டின் வாய்ப்பகுதி நைந்து, இழுபட்டு, ஓரங்கள் பிசிறு பிசிறாகத் தொங்கின. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மழையில் தோட்டா ஈரமாகியிருக்கும் என்று நினைத்து, அடுத்த வாரம் இன்னும் நான்கு சுட்டேன்.

அதன் பிறகுதான் குழலுக்கும் பின்கட்டைக்கும் இடையில் ஓர் ஆட்டம் தெரிந்தது. மூடிய துப்பாக்கியை விளக்குக்கு எதிரே பிடித்தால், இரண்டும் சேரும் இடத்தில் முடியளவு வெளிச்சக் கோடு. அதைச் சரிசெய்யத்தான் திண்டுக்கல்லில் ஒரு பெரியவரிடம் போனேன். பூட்டுத் தொழில் குடும்பத்தில் பிறந்து துப்பாக்கி வேலைக்கு வந்தவர்; ஊரில் எல்லோருக்கும் அவர் பாய்தான். நான் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவர் அதைக் காதில் வாங்காமல், "காலிக் கூடு இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார். நல்லவேளையாக ஒன்று சட்டைப் பையில் கிடந்தது.

அந்தக் கூட்டை அவர் ஓர் அங்குல அளவுகோலின் மேல் வைத்தார்: இரண்டே முக்கால் அங்குலம். பிறகு குழலின் பின்வாய்க்குள் ஓர் அளவுக்கட்டையை இறக்கி, தோட்டா உட்காரும் அறையின் நீளத்தை அளந்தார்: இரண்டரை அங்குலம். அதாவது 70 மி.மீ. கூடு, 65 மி.மீ. அறை. "அப்படியென்றால் உள்ளேயே போயிருக்கக் கூடாதே" என்றேன். சுடாத தோட்டா ஒன்றை எடுத்து அளந்து காட்டினார். அது 60 மி.மீ. கூட இல்லை. சூட்சுமம் இதுதான். தோட்டாவின் மேல் எழுதியிருக்கும் நீளம் சுட்டு முடித்து, மடிப்பு விரிந்த பின் உள்ள கூட்டின் நீளம். மடித்து மூடிய நிலையில் 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள் தாராளமாகப் போய்விடும். வெடிக்கும்போதுதான் மடிப்பு விரிந்து, அறை முடிந்து குழல் குறுகும் கூம்புப் பகுதிக்குள் கூட்டின் வாய் நீண்டு, ரவையும் (தோட்டாவில் நிரப்பிய சிறு குண்டுகள்) அதைத் தள்ளும் தக்கையும் போக வேண்டிய வழியை நெரிக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. நான் பார்த்த பிசிறுகள் அந்த நெரிசலில் உரிந்தவை.

அழுத்தம் என்றால் எவ்வளவு என்று பலருக்கும் ஓர் உருவம் கிடைப்பதில்லை. லாரி டயருக்கு அடிக்கும் காற்று சுமார் 8 பார் (அழுத்தத்தின் அலகு). இன்றைய ஐரோப்பிய விதிகளின்படி சாதாரண 12 போர் தோட்டாக்களின் சராசரி அழுத்தம் 740 பார் வரை போகலாம். அதிக ஆற்றல் கொண்டவை என்று தனியாகக் குறிக்கப்படுபவற்றில் 1050 பார் வரை. அதைத் தாங்குவது சில மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் இரும்புக் குழாய். அந்தக் குழாயைப் பிடித்திருப்பது உங்கள் கை.

பாய் அடுத்துச் செய்தது குழலைக் கழற்றித் தலைகீழாக வைத்து, அடிப்புறத் தட்டைப் பகுதியில் இருந்த முத்திரைகளைப் படிப்பது. நீங்களும் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான். இங்கிலாந்தில் துப்பாக்கிக் குழல்களைச் சாதாரணத்தைவிட வலுவான வெடிமருந்தால் சுட்டுச் சோதித்து முத்திரை குத்தும் வழக்கம் மிகப் பழையது. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் கழகத்துக்கு 1637இல் அரச சாசனம் கிடைத்தது, பர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. எங்கள் குழலில் கிரீடத்தின் கீழ் குறுக்காக வைத்த இரு செங்கோல்கள், அவற்றோடு பி.பி.சி. என்ற எழுத்துகள், இது 1904க்கு முந்தைய பர்மிங்காம் முத்திரை. பக்கத்தில் ஒரு சாய்சதுரத்துக்குள் 12 என்ற எண்ணும் அதன் கீழ் சி என்ற எழுத்தும். இது 1887க்குப் பின் வந்த வழக்கம். ஆக, துப்பாக்கியின் வயது அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில். அந்த சி என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்றார் பாய். அறை மூன்று அங்குலத்துக்குக் குறைவு என்பதை மட்டுமே அது சொல்கிறது. இரண்டரையா, இரண்டே முக்காலா என்று சொல்வதில்லை. அறையின் நீளத்தையே முத்திரையாகக் குத்தும் விதி 1925இல்தான் வந்தது. எனவே உங்களுடையதைப் போன்ற 1890களின் துப்பாக்கியில் நீளத்தை அளந்துதான் அறிய முடியும்.

இல்லாத முத்திரை ஒன்றையும் அவர் சுட்டிக்காட்டினார். 1904க்குப் பிறகு புகையில்லா மருந்துக்காகச் சோதிக்கப்பட்ட (அல்லது பழையதாக இருந்து மறுசோதனைக்குப் போன) பர்மிங்காம் குழல்களில் கிரீடத்தின் கீழ் என்.பி. என்ற எழுத்துகள் இருக்கும். எங்கள் குழலில் அதுவோ அதைப் போன்ற வேறு முத்திரையோ இல்லை. அதாவது எங்கள் துப்பாக்கி கரிமருந்துக்காக, அதாவது பழங்காலக் கறுப்பு வெடிமருந்துக்காக மட்டும் சோதிக்கப்பட்டது. இன்று கடையில் விற்கும் தோட்டாக்களில் இருப்பதோ புகையில்லா மருந்து.

குழலின் கறுப்புப் பூச்சை அடிப்புறத்தில் ஓரிடத்தில் சுரண்டி, ஒரு துளி அமிலம் வைத்துத் துடைத்தார். பாம்புச் சட்டை போன்ற வரிகள் எழுந்தன. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய டமாஸ்கஸ் குழல். இதைக் கேட்டவுடன் "டமாஸ்கஸ் என்றாலே குண்டு" என்று எழுத ஒரு கூட்டம் வரும். அது அத்தனை சரியில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பர்மிங்காம் சோதனைச்சாலை பலவகைக் குழல்களை வெடிக்கும் வரை சுட்டுப் பார்த்தபோது, முறுக்கிச் செய்த ஆங்கிலேய அடுக்கு எஃகுக் குழல் ஒன்று முதலிடத்துக்கு வந்தது. புகையில்லா மருந்துக்கான முத்திரை பெற்ற டமாஸ்கஸ் குழல்களும் ஏராளம். குழல் எந்த முறையில் செய்யப்பட்டது என்பதைவிட, அது இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பட்டைகளின் ஒட்டுகளுக்குள் நூறாண்டுத் துரு ஊறியிருந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் குழலின் நிலை மோசம். சாய்சதுரத்துக்குள் இருந்த 12 தோட்டா அறையின் அளவு; குழலின் உள்ளளவு முத்திரையில் தனியாக 13 என்று இருந்தது (எண் கூடினால் குழல் குறுகும்). அது 18 மி.மீ. அளவு. பாய் அளந்தபோது 18.5 மி.மீ.யைத் தொட்டது, அதாவது 12 போர் அளவு. யாரோ எப்போதோ உள்ளே பிடித்த துருவைப் போக்கத் தேய்த்துத் தேய்த்து, சுற்றிலும் கால் மில்லிமீட்டர் இரும்பைக் கரைத்திருக்கிறார்கள். கனத்தை அளக்கும் கருவியை வைத்தபோது, வலக் குழலில் முன்னால் இருக்கும் கையால் பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிக் குழலின் வழியே பார்க்கச் சொன்னார். அதே இடத்தில் நிழல் வளையம் ஒன்று தெரிந்தது. வெளியே விரலால் தடவினால் மிக லேசான மேடு. குழல் வீங்கத் தொடங்கியிருந்தது. நான் சுட்ட ஆறில் எந்த வெடி அதைச் செய்தது, அல்லது பழைய வீக்கமா என்று சொல்ல முடியாது என்றார். நான் அதைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். என் இடது கை இருந்தது அதற்கு நான்கு விரற்கடை கீழே.

அந்தத் துரு எப்படி வந்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாத்தா வாரம் ஒரு முறை எண்ணெய்த் துணி விட்டு வைத்திருந்த குழல் அது. எங்கள் பகுதியில் தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட்டு, முடிவுகள் வந்த பின் திரும்பப் பெற வேண்டும். தேர்தல் அமைதியாக நடக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2006இல் மட்டும் மே மாதம் சட்டமன்றத் தேர்தல், அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் என்று இரண்டு முறை துப்பாக்கி கையைவிட்டுப் போயிற்று. இரண்டாவது முறை திரும்ப வந்தது அடைமழைக்காலத்தில், ஒழுகும் அறை ஒன்றின் மூலையில் ஈரச் சாக்குக்குள் சாய்ந்திருந்த பிறகு. எண்ணெய் போட்டுக் கொடுக்க அனுமதி கேட்டதற்கு, "இது என்ன உங்க வீட்டு மாடா, தினம் வந்து பார்க்க?" என்றார்கள். அறுவடைக்கு முந்தைய, பன்றி இறங்கும் மாதங்களில்தான் எப்போதும் தேர்தல் வருகிறது என்பது வேறு கதை. உங்களிடம் நான் சொல்வது, ஒப்படைக்கும்போது குழலின் உட்புறத்தில் கனமாக எண்ணெய் தடவி, இரு முனைகளையும் துணியால் அடைத்துக் கொடுங்கள். திரும்பி வந்ததும், சுடுவதற்கு முன், அந்தத் துணியை மறக்காமல் எடுங்கள். குழலுக்குள் அடைப்போடு சுட்ட துப்பாக்கிக்குத் தோட்டாவின் அளவு எதுவானாலும் தப்பிப்பு இல்லை.

இனி, "தாத்தா முப்பது வருடம் சுட்டாரே, என்.பி. முத்திரை இல்லாத அதே துப்பாக்கியில் புகையில்லா மருந்துத் தோட்டாதானே அவரும் போட்டார்?" என்று என் தம்பி கேட்ட கேள்வியை இங்கும் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் போட்டவை இரண்டரை அங்குல அறைக்கென்றே செய்த, மிதமான தோட்டாக்கள். அன்று குழலில் கால் மில்லிமீட்டர் கூடுதலாக இரும்பு இருந்தது. அதோடு, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவருடைய அதிர்ஷ்டத்துக்கான சான்றே தவிர, துப்பாக்கிக்கான சோதனை முத்திரை ஆகாது. இன்னொரு சாரார், 70 மி.மீ. கூட்டை 65 மி.மீ. அறையில் சுட்டுச் சோதித்தபோது அழுத்தம் பெரிதாக ஏறவில்லை என்று வாதிடுவார்கள். மென்மையான தோட்டாவில் அப்படி இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்டின் நீளம் மட்டும் அங்கே பிரச்சினை இல்லை, 70 மி.மீ. என்று எழுதிய பெட்டிக்குள் இருக்கும் மருந்தும் ரவையும் 70 மி.மீ. அறைக்காகச் சோதிக்கப்பட்ட குழலை மனத்தில் வைத்து அளக்கப்பட்டவை. உங்கள் குழல் அந்தச் சோதனைக்கு ஒருபோதும் உட்பட்டதில்லை.

சரி, எதைத்தான் போடுவது? உங்கள் குழலில் புகையில்லா மருந்துக்கான முத்திரை இருந்து, பெரிய துருக்குழி இன்றிக் கனம் போதுமானதாக இருந்து, ஆட்டமும் இல்லை என்று தெரிந்த ஒருவர் சொன்னால், அறை 65 மி.மீ. ஆகும் பட்சத்தில் உறையில் 65 மி.மீ. என்று எழுதிய தோட்டாவை மட்டும் போடுங்கள். 1904க்குப் பிந்தைய சில குழல்களில் அதிகபட்ச ரவை எடையும் முத்திரையோடு எழுதியிருக்கும். ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் என்றால் 32 கிராம். அது மேல்வரம்பு, அங்கேயே போய் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் ரவையுள்ள தோட்டா பழைய 12 போருக்கு ஏற்றது. ஒன்றே மாகாணி அவுன்ஸ், 30 கிராம், அந்தக் காலத்தின் வழக்கமான அளவு. 36 கிராம், மேக்னம், அதிவேகம் என்று பெட்டியில் பெருமையாக எழுதியிருப்பதை எல்லாம் கடையிலேயே விட்டுவிடுங்கள். எஃகு ரவையும் கூடாது. ஈயம்போல் அது நசுங்கிக் கொடுக்காது, வாய் குறுகிய பழைய குழலைக் கெடுத்துவிடும். வாய் குறுக்கிய சில குழல்களில் குண்டு போடக் கூடாது என்று ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகவே பொறித்திருப்பார்கள். 1875க்கும் 1887க்கும் இடைப்பட்ட வழக்கம் அது. அப்படி இருந்தால் ஒற்றைக் குண்டுத் தோட்டாவை நினைத்தும் பார்க்காதீர்கள்.

கரிமருந்துக்கான முத்திரை மட்டுமே இருந்தால் புகையில்லா மருந்துத் தோட்டா எதுவும் வேண்டாம், 65 மி.மீ. என்றாலும் கூட. இங்கிலாந்தில் இருப்பவர்கள் மறுசோதனைக்கு அனுப்பலாம். சோதனையிலேயே குழல் வெடித்துப் போகும் வாய்ப்பும் அதில் உண்டு. நம் பக்கத்தில் இப்படி ஒரு பழந்துப்பாக்கியை அனுப்பி முத்திரை வாங்கி வந்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. நானே கட்டிக்கொள்கிறேன் என்று மருந்தைக் கையில் எடுக்கும் ஆசையும் வேண்டாம். வெளிநாட்டுப் பெட்டிகளில் '3 டிராம்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, அதுதான் உள்ளே இருக்கும் மருந்தின் எடை என்று எண்ணியவர்கள் உண்டு. அது அந்த வேகத்தைக் கொடுக்கத் தேவைப்படும் கரிமருந்தின் அளவு. உள்ளே இருக்கும் புகையில்லா மருந்து அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. கரிமருந்தின் அளவில் புகையில்லா மருந்தை நிரப்பினால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

வீட்டில் 20 போர் துப்பாக்கியும் இருந்தால், இரண்டின் தோட்டாக்களையும் ஒரே பையில் வைக்காதீர்கள். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய்க் கூம்பில் சிக்கி நிற்கும். அறை காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும். பல நிறுவனங்கள் 20 போர் உறைக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது இதற்காகத்தான். தாத்தாவின் பழைய காகிதத் தோட்டாக்கள் எங்காவது கிடைத்தால் அவற்றையும் சுட வேண்டாம். ஈரத்தில் ஊதி, மருந்து கெட்டு, பாதி எரிந்து, தக்கை குழல் நடுவே நின்றுவிட்டால் அடுத்த வெடியில் குழலே வெடித்துவிடலாம்.

எங்கள் துப்பாக்கியைப் பாய் சரிசெய்யவில்லை. ஆட்டத்தை எடுத்துத் தர முடியும், எடுத்துக் கொடுத்தால் நீ மறுபடி சுடுவாய் என்று சொல்லி, கூலி வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் உரிமத்தைப் புதுப்பிக்கிறேன், தேர்தலுக்கு ஒப்படைக்கிறேன், எண்ணெய் போடுகிறேன், சுடுவதில்லை. பன்றிக்குச் சூரிய மின்வேலி போட்டாயிற்று. ஆயுதக் கடைக்காரரிடம் போய் அந்தப் பிசிறு பிடித்த கூட்டை மேசை மேல் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ளே போச்சு இல்லையா சார்?" என்றார்.